ஓர் ஆசிரியர் காத்த கலை

கலைகள் தலைமுறை கடந்து வாழ்வதற்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று ஏடு, மற்றொன்று ஆசிரியர். கணக்கு, இலக்கணம், வரலாறு முதலியவற்றை ஏடு பெரிதும் காக்கும். எழுதியவர் மறைந்து பல நூறு ஆண்டுகள் சென்ற பின்னும், படிக்கத் தெரிந்த ஒருவர் அவற்றை மீண்டும் கற்றுக்கொள்ளலாம். நீந்துதல், மட்கலம் வனைதல், ஆடல், மற்போர் முதலியவை அத்தகையன அல்ல. நீரில் கையை எவ்வாறு வீசவேண்டும் என்று நூறு பக்கம் எழுதிவைத்தாலும், அதனைப் படித்த மாத்திரத்தில் ஒருவர் ஆற்றை நீந்திக் கடந்துவிட முடியாது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் முன்னோர் கூறியது இத்தகைய கலைகளுக்கு மிகவும் பொருந்தும். கற்றவர் ஆடிக் காட்டவேண்டும். கற்பவர் கண்டு ஆடவேண்டும். பிழை நேர்ந்தவிடத்து ஆசிரியர் கைதொட்டுத் திருத்தவேண்டும். இவ்வாறு ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்குச் செல்லும் கல்வித் தொடரையே ஆசிரிய மரபு என்கிறோம்.

இம்மரபு சங்கிலி போன்றது. ஆயிரம் கண்ணிகள் உறுதியாக இருப்பினும், ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி அறுந்ததேயாகும். கொரிய நாட்டின் பழைய காற்போர்க் கலையாகிய டேக்கியோன், ஒரு காலத்தில் அவ்வாறு அறுந்துபோகும் நிலையை எய்தியது. அது மீண்ட வரலாறு, ஆசிரிய மரபு என்பது யாது, அதன் வலிமை எது, அதன் மெலிவு எது என்பவற்றை நமக்கு நன்கு உணர்த்தும்.

விழாவும் ஆட்டமும்

ஆசியாக் கண்டத்தின் கிழக்கில், சீனத்திற்கும் சப்பானுக்கும் இடையே கடலுள் நீண்டு கிடக்கும் தீபகற்பமே கொரியா. 1392ஆம் ஆண்டு முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் சோசன் மரபினர் அதனை ஆண்டனர். இன்று சியோல் என வழங்கும் நகரமே அவர்தம் தலைநகரம். அந்நகரில் ஆண்டுதோறும் தானோ என்னும் விழா நடைபெற்றது. பிறை கொண்டு நாள் கணிக்கும் அவர்கள் முறைப்படி, ஐந்தாம் திங்கள் ஐந்தாம் நாளில் வருவது அவ்விழா. பெண்கள் உயர்ந்த ஊசல்களில் ஆடுவர்; ஆடவர் மற்போர் புரிவர்; டேக்கியோன் ஆட்டமும் நிகழும்.

தலைநகரின் மேலூராரும் கீழூராரும் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். முதலில் சிறுவர் இறங்குவர். பின்னர் இளைஞர் இறங்குவர். வல்லவர் இறுதியில் வருவர். வென்றவர் களத்திலேயே நிற்க, தோற்ற கட்சியிலிருந்து அடுத்தவர் ஒருவர் எதிர்க்க வருவார். இவ்வாறு ஒருவர்பின் ஒருவராக வந்து, ஒரு கட்சியில் ஆள் இல்லாது போகும்வரை ஆட்டம் தொடரும். சிறுவர் தம்மினும் மூத்தவர் ஆடுவதை அருகிருந்து காண்பர். மறுநாள் தெருவில் அதனை ஆடிப் பார்ப்பர். ஆதலின் விழாக்களமே பள்ளிக்கூடமாகவும் விளங்கிற்று.

இவ்வாட்டத்தில் கால்களுக்கே முதலிடம். எதிராளியின் காலைத் தட்டி அவனை நிலத்தில் வீழ்த்தினால் வெற்றி. அல்லது, காலை உயர வீசி அவன் தலையைத் தொட்டாலும் வெற்றி. ஆயினும், அவனைக் காயப்படுத்துவது ஆட்டத்தின் நோக்கமன்று. உடம்பின்மீது காலை வைக்குங்கால் குத்தி உதைத்தல் கூடாது. தள்ளுவது போல உதைத்தல் வேண்டும். அண்டை அயலில் வாழ்வோர் ஆடும் ஆட்டம் அது. இன்று எதிர்த்து நிற்பவன் நாளை ஒன்றாக உழைக்கவேண்டியவன். அவனை விழச்செய்யலாம், வருந்தச் செய்தல் ஆகாது.

ஆடுவோர் விறைத்து நிற்பதில்லை. முழங்காலை மடக்கியும் நீட்டியும், இடுப்பை அசைத்தும், முக்கோணத்தின் மூன்று முனைகளை மாறிமாறி மிதிப்பதுபோல் அடிவைத்துக்கொண்டே இருப்பர். இதற்குப் 'பும்பல்ப்கி' என்று பெயர். கைகளும் சிறகுபோல் அசைந்துகொண்டிருக்கும். பார்ப்பவர்க்கு அது நடனம் போலத் தோன்றும். இடையிடையே 'இக்கு', 'எய்க்கு' என்று ஒலியெழுப்புவர். அவ்வொலி மூச்சை ஒழுங்குபடுத்துவதோடு அசைவுக்குத் தாளமாகவும் அமையும்.

இவ்வாட்டத்தின் விதிகளுள் ஒன்று நம் உள்ளத்தைக் கவர்வது. ஒவ்வொருவரும் எதிராளிக்கு எட்டும் தொலைவில் தம் கால் ஒன்றை முன்வைத்தல் வேண்டும். தாக்குதற்கு இடம் கொடாது விலகி விலகி நிற்றல் முறையன்று. இவ்வாறு காலை முன்வைப்பதற்குக் கொரிய மொழியில் 'தேசப்' என்று பெயர். விருந்தினரை வரவேற்றுப் போற்றுதலைக் குறிக்கும் சொல்லும் அதுவே. போர்க்களத்தில் நின்று விருந்தோம்பலை நினைக்கும் பண்பு அம்மக்களிடம் இருந்தமையை இச்சொல் காட்டுகிறது.

நூல் இருந்தும் ஆள் இல்லை

டேக்கியோன் பொதுமக்களின் விளையாட்டு. ஆதலின் அரசவைப் புலவர் அதனை விரித்து எழுதவில்லை. படைவீரர்க்குரிய போர்க்கலைகளையோ அரசரே முன்னின்று எழுதச் செய்தனர். 1790ஆம் ஆண்டில் சோங்சோ மன்னர் ஆணைப்படி 'முயே தோபோ தோங்சி' என்னும் பெருநூல் தொகுக்கப்பட்டது. யீ தொக்-மு, பாக் சே-கா என்னும் அறிஞர் இருவரும், பேக் தோங்-சு என்னும் போர்வீரரும் அதனை ஆக்கினர். வாள், ஈட்டி, கைப்போர், குதிரைமேல் நின்று செய்யும் போர் என இருபத்துநான்கு வகைப் பயிற்சிகள் அதிற் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அடியும் எவ்வாறு வைக்கவேண்டும் என்பதையும் அந்நூல் கூறுகிறது.

இத்துணைச் சிறப்பாக எழுதப்பட்டிருந்தும், அக்கலைகளைக் கற்பிக்கும் தொடர் நிலைத்திலது. புதிய படைக்கலங்கள் வந்தன. பழைய பயிற்சிகள் கைவிடப்பட்டன. 1907ஆம் ஆண்டில் கொரியப் படையே கலைக்கப்பட்டது. கற்பித்தவர் மறைந்தனர், கற்க எவரும் வரவில்லை. இன்று சுவோன் நகரத்து அரண்மனை வாயிலில் அவ்விருபத்துநான்கு பயிற்சிகளையும் வீரர் ஆடிக் காட்டுகின்றனர். அவை நூலைக் கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டவை. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே உடல் எவ்வாறு திரும்பிற்று, எவ்விடத்து விரைந்தது, எவ்விடத்துத் தாழ்ந்தது என்பவற்றை ஆராய்ந்து ஊகித்தே அவர்கள் அறியவேண்டியிருந்தது. அவர்தம் உழைப்பு பெரிது. ஆயினும் ஊகம் ஊகமே. அது கண்டறிந்த அறிவாகாது.

டேக்கியோனைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் மிகச் சில. 1798ஆம் ஆண்டைச் சேர்ந்த 'சேமுல்போ' என்னும் சொற்களஞ்சியத்தில் அதன் பெயர் காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'தேக்வேதோ' என்னும் ஓவியத்தில், ஒரு பக்கம் இருவர் மற்போர் புரிகின்றனர். மற்றொரு பக்கம் இருவர் கால்வீசி ஆடுகின்றனர். சுற்றிலும் மக்கள் அமர்ந்து காண்கின்றனர். 1895ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் கியூலின் என்பவர் கொரிய விளையாட்டுக்களைப் பற்றி எழுதிய நூலிலும் இவ்வாட்டம் இடம்பெற்றது. எதிரெதிரே நின்று ஒருவர் காலை ஒருவர் தட்டிவிட முயல்வர் என்றும், ஆடுவோர் கால்கள் மூன்று நிலைகளுள் ஒன்றிலேயே எப்பொழுதும் நிற்கும் என்றும் அவர் குறித்துள்ளார்.

இவை மதிப்புடைய சான்றுகள். டேக்கியோன் என ஒரு கலை இருந்தது என்பதை இவை ஐயமின்றி நிலைநாட்டுகின்றன. எனினும், இவற்றைக் கொண்டு ஒருவர் அக்கலையைக் கற்றுக்கொள்ள இயலாது. போர்க்கலைகளுக்கு நூல் இருந்தது, ஆள் இல்லை. டேக்கியோனுக்கோ நூல் இல்லை. ஆள் எஞ்சினால்தான் கலை எஞ்சும் என்னும் நிலை அதற்கு இருந்தது.

இம் ஹோவும் அவர் மாணவரும்

சியோல் நகரின் மேற்கே இன்வாங் என்னும் மலை உள்ளது. அதன் அடிவாரத்தில் அமைந்த சாசிக் என்னும் பகுதியில், 1893ஆம் ஆண்டில் சோங் தொக்-கி என்பவர் பிறந்தார். அப்பகுதியில் இம் ஹோ என்னும் டேக்கியோன் வல்லுநர் ஒருவர் வாழ்ந்தார். சோங் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அவரிடம் பயிலத் தொடங்கினார். எழுதுவதற்கு ஏடும் இல்லை. தேர்வும் பட்டமும் இல்லை. ஆசிரியர் ஆடுவார், மாணவர் பார்த்து ஆடுவர். விழா நாளில் கீழூராரை எதிர்த்து நிற்பதே தேர்வு. ஊரார் மகிழ்ந்து ஆர்ப்பரிப்பதே பட்டம்.

1910ஆம் ஆண்டில் சப்பான் கொரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. அப்பொழுது சோங்குக்கு வயது பதினேழு. மக்கள் பெருந்திரளாகக் கூடி ஆடுவதைப் புதிய ஆட்சியினர் விரும்பவில்லை. டேக்கியோன் ஆட்டங்கள் தடுக்கப்பட்டன. விழாக்களம் வெறுமையாயிற்று. களம் இல்லாதபொழுது ஆட்டத்தைக் கற்கச் சிறுவர் வருவரோ? வந்திலர். வல்லவர்கள் முதுமை எய்தி ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அவர்களோடு அவர்தம் கலையும் மண்ணிற் புதைந்தது.

சோங் வில்வித்தையிலும் வல்லவர். இன்வாங் மலைச்சாரலில் உள்ள ஹ்வாங்ஹாக்சோங் என்னும் வில்லரங்கில் அவர் நெடுங்காலம் அம்பெய்து பயின்றார். வில்வித்தைக்கு அரங்கும் கழகமும் இருந்தன; டேக்கியோனுக்கு அவை இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1945ஆம் ஆண்டில் சப்பானிய ஆட்சி நீங்கிற்று. ஆயினும் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950 முதல் 1953 வரை கொடிய போர் நிகழ்ந்தது. வீடிழந்தும் உறவிழந்தும் நின்ற மக்களுக்கு ஒரு பழைய விளையாட்டை நினைக்க நேரம் ஏது?

1958ஆம் ஆண்டில், குடியரசுத் தலைவராக இருந்த சிங்மன் ரீயின் பிறந்தநாளை ஒட்டி நடந்த நிகழ்ச்சியில் டேக்கியோனை ஆடிக்காட்டச் சோங் அழைக்கப்பட்டார். அவருக்கு அப்பொழுது அகவை அறுபத்தைந்து. அக்கலையை அறிந்த முதியோர் ஒருசிலர் அங்குமிங்கும் இருந்தனர். ஆனால், பழைய முறைப்படி களத்தில் ஆடிப் பயின்று, பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றலோடும் இருந்தவர் அவரே எனக் கருதப்பட்டார். மக்கள் வியந்து பாராட்டினர். ஆயினும் பாராட்டு வேறு, கற்க முன்வருதல் வேறு. நிகழ்ச்சி முடிந்தது, மாணவர் திரண்டு வரவில்லை. இம் ஹோவிடமிருந்து சோங் பெற்ற செல்வம் அவர் உடலிலேயே தங்கிற்று.

பெயர்வழி உறவும் கல்விவழி உறவும்

அக்காலத்திற் கொரிய இளைஞர் போர்க்கலையில் விருப்பமற்று இருந்தனரோ எனின், அன்று. சியோல் நகரிற் புதிய பயிற்சிக் கூடங்கள் பல தோன்றியிருந்தன. அவற்றைக் 'குவான்' என்பர். 1944ஆம் ஆண்டில் லீ வொன்-குக் என்பவர் 'சுங் தோ குவான்' என்னும் கூடத்தை நிறுவினார். அவர் சப்பானிற் கல்வி பயின்றபொழுது, கிச்சின் புனகோஷி என்னும் ஆசிரியரிடம் கராத்தே கற்றவர். புனகோஷியோ ஒகினாவாத் தீவிலிருந்து சப்பானுக்கு அக்கலையைக் கொண்டுவந்தவர். எனவே, சுங் தோ குவான் மாணவர் ஒருவர் தம் ஆசிரியர் யார், அவர்க்கு ஆசிரியர் யார் என்று பின்னோக்கிச் செல்வாராயின், சியோலிலிருந்து டோக்கியோவுக்கும், டோக்கியோவிலிருந்து ஒகினாவாவுக்கும் சென்று சேர்வார். அக்காலத்துத் தோன்றிய பிற கூடங்களின் தலைவர் சிலரும் சப்பானிற் கராத்தே பயின்றவரே.

1955ஆம் ஆண்டில் இக்கூடத்தார் சிலர் கூடித் தம் கலைக்குப் பொதுப்பெயர் ஒன்றைத் தேர்ந்தனர். படைத்தலைவர் சோய் ஹோங்-ஹி முன்மொழிந்த 'டேக்வாண்டோ' என்பதே அப்பெயர். 'டேக்கியோன்' என்னும் பழம்பெயரின் ஒலியை அது நினைவூட்டிற்று. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள், தம் கலை தம் மண்ணில் தோன்றியதாக இருத்தல் வேண்டும் என்று விழைந்தது இயல்பே. நாளடைவில் டேக்வாண்டோ உயர்ந்த கால்வீச்சுக்களால் தனக்கெனத் தனிநெறி ஒன்றை வகுத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் விளையாட்டுக்களுள் பதக்கத்திற்குரிய போட்டியாகவும் விளங்குகிறது.

அக்கலையின் பெருமை மெய்யானது. ஆயினும், பெயர்வழி உறவு வேறு. கல்விவழி உறவு வேறு. அக்கூடங்களின் முதல் ஆசிரியர்கள் இம் ஹோவைப் போன்றோரிடம் பயின்று வந்தவர் அல்லர். டேக்வாண்டோ டேக்கியோனின் நேர்வழித்தோன்றல் என்று நூல்கள் பல எழுதின. அதனால் ஒரு தீங்கு நேர்ந்தது. பழைய கலை புதிய பெயரில் வாழ்கிறது என்று மக்கள் எண்ணினர். எனவே, சாசிக் பகுதியில் உயிரோடிருந்த முதியவரைத் தேடிச் செல்லும் தேவையை அவர்கள் உணரவில்லை. மரபைப் பற்றிய தவறான கூற்று, உண்மையான மரபை மறைத்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

ஆசிரியரைத் தேடி வந்த மாணவர்

சின் ஹன்-சுங் என்பவர் 1928ஆம் ஆண்டிற் பிறந்தவர், மற்போர் வீரர். அவர் டேக்கியோன்மீது வேட்கை கொண்டு சோங்கை நாடி வந்து பயின்றார். அத்துடன் அமையாது, டேக்கியோனைக் கண்டும் ஆடியும் இருந்த பிற முதியோரையும் தேடிச் சென்று, அவர்கள் நினைவில் நின்றவற்றைக் கேட்டறிந்தார். 1970ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், நாட்டின் நடுப்பகுதியில் உள்ள சுங்சு என்னும் ஊரில் மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார்.

ஆசிரியரும் மாணவரும் கற்பிக்கும் முறையில் வேறுபட்டனர். சோங் தாம் இளமையிற் கற்றவாறே கற்பித்தார். வரிசைப்படுத்திய பாடத்திட்டம் அவரிடம் இல்லை. ஆடும்பொழுது எது வேண்டுமோ அதைக் காட்டுவார். சின்னோ அக்கலையைப் படிமுறையாக வகுத்தார். தனித்துப் பயிலல், இருவர் எதிர்நின்று பயிலல், போட்டியிடல் என மூன்று நிலைகள் அமைத்தார். அசைவுகளுக்குரிய பெயர்களைத் திரட்டினார். புதிதாக வரும் மாணவர் எங்கே தொடங்கி எங்கே முடிக்கவேண்டும் என்பதைத் தெளிவாக்கினார். விழாக்களம் இருந்தவரை பாடத்திட்டம் வேண்டுவதாயில்லை. களம் மறைந்த காலத்தில் அது இன்றியமையாததாயிற்று.

கொரிய அரசு 1962ஆம் ஆண்டில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. கோயில், அரண்மனை, ஓவியம் முதலிய உருவுடைப் பொருள்களை மட்டுமன்றி, இசை, கூத்து, கைத்தொழில் முதலிய உருவிலாச் செல்வங்களையும் அச்சட்டம் காத்தது. உருவிலாச் செல்வத்தை எங்கே வைத்துக் காப்பது? அதை உடையவரிடத்தில்தான் வைக்கலாம். ஆகவே, ஒரு கலையை முழுதுணர்ந்தவரை அரசு 'உடையவர்' என ஏற்கும். அவர்க்குத் திங்கள்தோறும் உதவித்தொகை அளிக்கும். அவரோ அக்கலையைப் பிறர்க்குக் கற்பிக்கும் கடமையை மேற்கொள்ளல் வேண்டும். அவரிடம் பயில்வோர், பயிற்சி முற்றியோர், துணையாசிரியர் எனப் படிகள் உண்டு. மக்கள் அவ்வுடையவரை 'மனிதப் பண்பாட்டுச் செல்வம்' என்று போற்றுவர்.

சின் பல ஆண்டுகள் முயன்று, டேக்கியோனையும் இவ்வரிசையிற் சேர்க்கவேண்டும் என்று அரசினர்க்கு எடுத்துரைத்தார். 1983ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், அது முதன்மையான உருவிலாப் பண்பாட்டுச் செல்வங்களுள் 76ஆவதாக ஏற்கப்பட்டது. சோங் தொக்-கி, சின் ஹன்-சுங் ஆகிய இருவரும் உடையவராக அறிவிக்கப்பட்டனர். ஆசிரியர்க்கு அப்பொழுது தொண்ணூறு வயது, மாணவர்க்கு ஐம்பத்தைந்து. கால்நூற்றாண்டுக்குமுன் முதியவர் ஆடக் கண்டு பாராட்டிச் சென்ற நாடு, அவரிடம் கற்கவேண்டும் என்று அப்பொழுதுதான் உணர்ந்தது.

ஒரு மாதத்தில் இரு மறைவு

நான்கு ஆண்டுகளே கடந்தன. 1987ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் தொடக்கத்திற் சின் ஹன்-சுங் மறைந்தார். மூன்று வாரங்கள் கழிந்து, அதே திங்களில் அவர் ஆசிரியர் சோங் தொக்-கியும் மறைந்தார். அரசு ஏற்ற உடையவர் இருவரும் ஒரு மாதத்திற்குள் இல்லாதவராயினர். ஆசிரியர்க்குப்பின் மாணவர் கற்பிப்பார் என்று எண்ணியிருந்த நிலையில், மாணவரே முன்னர்ச் சென்றார். இது 1970ஆம் ஆண்டுக்கு முன் நிகழ்ந்திருப்பின், டேக்கியோன் ஓர் ஓவியத்திலும் சில நூற்குறிப்புகளிலும் மட்டுமே எஞ்சியிருக்கும்.

அவ்வாறு ஆகாமைக்குக் காரணம், இடைப்பட்ட சில ஆண்டுகளில் இளைஞர் சிலர் கற்றிருந்தமையே. சின்னிடம் சுங்சுவிற் பயின்ற ஜோங் கியோங்-ஹ்வா 1995ஆம் ஆண்டில் உடையவராக ஏற்கப்பட்டார். சோங்கின் முதுமையில் அவரிடம் நேரிற் பயின்ற மாணவர் சிலர் சியோலில் கற்பித்தனர். மற்றும் சிலர் கழகம் அமைத்துப் போட்டிகள் நடத்தி, நாடெங்கும் அக்கலையைப் பரப்பினர். 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் டேக்கியோனை மனித குலத்தின் உருவிலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. எதிராளிக்கு ஊறு செய்யாமலே அவனைப் பின்வாங்கச் செய்ய வல்லவரே மெய்யான வல்லுநர் என்னும் கருத்து அம்மன்றத்தின் குறிப்பில் இடம்பெற்றுள்ளது.

இன்று டேக்கியோன் பயிற்றும் அமைப்புக்கள் பல உள்ளன. அவை எல்லாம் சோங் தொக்-கியையே தம் முதலாசிரியராகக் கொள்கின்றன. ஆயினும், அவற்றின் ஆட்டமுறை ஒன்றாக இல்லை. ஒன்றில் அசைவு மென்மையாகவும் வரிசையாகவும் இருக்கும். மற்றொன்றிற் பிடித்து வீழ்த்துதல் மிகுந்திருக்கும். வேறொன்றிற் போட்டி விதிகளே முதன்மை பெறும். 'எங்கள் முறையே பழைய முறை' என்று ஒவ்வொருவரும் உரிமை கூறுவதும் உண்டு.

ஒரே ஆசிரியரிடமிருந்து வந்த கலை இவ்வாறு வேறுபடுவானேன்? ஒருவர் ஆசிரியரிடம் பல ஆண்டு பயின்றார்; மற்றொருவர் சில ஆண்டே பயின்றார். ஒருவர் நேரிற் கண்டார். மற்றொருவர் கண்டவரிடம் கேட்டார். ஒருவர் மற்போர் அறிந்தவர். மற்றொருவர் வேறு கலை அறிந்தவர். ஒரே பேச்சைக் கேட்ட பத்துப் பேர் பத்து வகையாக நினைவிற் கொள்வதுபோல, ஒரே உடலசைவைக் கண்டவரும் தத்தம் ஆற்றலுக்கும் விருப்பத்திற்கும் ஏற்பவே கொள்வர். இம் ஹோவின் காலத்தில் இவ்வேறுபாடு இடர் விளைத்திராது. பல தெருக்களிற் பல வல்லுநர் இருந்தனர். ஒருவர் மறந்ததை மற்றொருவர் காட்டுவார். விழாக்களத்தில் தவறு தானே வெளிப்படும். மரபு அகன்ற ஆறாக ஓடியபொழுது ஒரு கால்வாய் வறண்டாலும் கேடில்லை. அது ஒற்றை ஊற்றாகக் குறுகிய பின்னர், அவ்வூற்றிலிருந்து எவர் எவ்வளவு மொண்டார் என்பதே வழக்காயிற்று.

இவ்வழக்கிற்கு முடிவு கூறுதல் நம் வேலையன்று. ஆயினும், அறிவுடையோர் எதைச் செய்வர் என்று கூறலாம். 'இது ஆசிரியர் காட்டியது. இது நாங்கள் அமைத்தது. இது எங்களுக்குக் கிடைக்காதது' என்று பிரித்துச் சொல்வர். கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லுதல் மரபைப் பெருக்குவது போலத் தோன்றும். உண்மையில் அதனை அழிக்கும். இடைவெளி உள்ளது என்று ஒப்புக்கொண்டால், பின்வருவோர் அதனை ஆராய்ந்து நிரப்ப முயல்வர்; இடைவெளியே இல்லை என்று மறைத்தால், எவரும் தேடமாட்டார்.

நாம் அறியவேண்டுவது

டேக்கியோன் வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. நூல் மட்டும் இருந்தால் கலை வாழாது என்பதைச் சோங்சோ மன்னரின் படைக்கலைகள் காட்டின. ஒருவர் உடலில் மட்டும் இருந்தால் கலை நிலையாது என்பதை 1987ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் காட்டிற்று. பெயரைக் கொண்டு மட்டும் உறவு கொண்டாடினால் உண்மை மறையும் என்பதை டேக்வாண்டோவின் பெயர்வரலாறு காட்டுகிறது. ஆள் வேண்டும், அவர் அறிந்ததை வகுத்து வைக்கும் முறை வேண்டும், யாரிடம் கற்றோம் என்பதைப் பற்றிய வாய்மையும் வேண்டும். இம்மூன்றும் கூடியவிடத்தே ஆசிரிய மரபு தழைக்கும்.

இம் ஹோ எழுதிய நூல் ஒன்றும் இல்லை. அவர்க்குச் சிலையும் அக்காலத்தில் எடுக்கப்படவில்லை. தம் தெருச் சிறுவன் ஒருவனுக்கு அவர் காலடி வைக்கக் கற்பித்தார், அவ்வளவே. அச்சிறுவன் தொண்ணூற்றுநான்கு ஆண்டுகள் வாழ்ந்து, ஆட்சி மாற்றத்தையும் போரையும் மக்களின் மறதியையும் கடந்து, அக்காலடிகளைத் தம் உடலிற் காத்துவைத்தார். உரிய காலத்தில் மாணவர் வந்து கேட்டனர், அவரும் கொடுத்தார். அதனால், இன்றும் கொரியச் சிறுவர் மூன்று முனைகளை மிதித்து ஆடி, எதிர்நிற்பவர்க்கு எட்டும் தொலைவில் ஒரு காலை முன்வைத்து, 'எய்க்கு' என்று குரல் எழுப்புகின்றனர்.

முதியோரிடம் கேட்டு அறியத்தக்கவை எவ்வூரிலும் உண்டு. அவர்கள் சொல்லக் காத்திருக்கின்றனர்; காலமோ காத்திருப்பதில்லை.